ஜீயஸின் இரண்டு பிள்ளைகள்

ஹோமரின் இலியட் காவியத்தின் ஐந்தாம் பாகத்தில் ஒரு கூத்து நடக்கும். டிராய்ப் போர்க்களத்தில் டயமிடீஸ் என்ற கிரேக்க வீரன் சாமி வந்தவன்போல ஆடிக்கொண்டிருக்கிறான். எதிரில் வருகிறவர் யாரானாலும் வெட்டுதான். காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி, அடிபட்டுக் கிடக்கும் தன் மகன் ஈனியஸைத் தன் ஆடையால் மறைத்துத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறாள். டயமிடீஸ் விடவில்லை. துரத்திப் போய் ஈட்டியால் குத்த, உள்ளங்கை முடிந்து மணிக்கட்டு தொடங்கும் இடத்தில் தோல் கிழிகிறது. அவ்வளவுதான். பெற்ற பிள்ளையை அங்கேயே போட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடுகிறாள். அண்ணன் ஏரிஸிடம் ரதத்தைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு ஒலிம்பஸ் மலைக்குப் போய் அம்மா மடியில் விழுந்து அழுகிறாள்.

அம்மா கையைத் துடைத்துவிடுகிறாள். காயம் ஆறிவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஹீராவும் அதீனாவும், "எவளோ ஒரு கிரேக்கப் பெண்ணை மயக்கப் போன இடத்தில் ஊக்கு குத்தியிருக்கும்" என்கிற தொனியில் நக்கலடிக்கிறார்கள். அப்பா ஜீயஸ் சிரிக்கிறார். போரெல்லாம் உனக்கு எதற்கம்மா, கல்யாண வேலையைப் பார் என்று சொல்லி அனுப்புகிறார்.

அடுத்து போர்த் தெய்வமான ஏரிஸின் முறை. அதே டயமிடீஸ், அதீனாவே தேரோட்டிக்கொண்டு வர, ஏரிஸின் அடிவயிற்றில் ஈட்டியைச் செருகுகிறான். ஒன்பதாயிரம், பத்தாயிரம் பேர் சேர்ந்து கத்தினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு கூப்பாடு. அவரும் ஓடுவது அப்பாவிடம்தான். ஜீயஸ் முகத்தில் அடித்தாற்போல, இருக்கிற தெய்வங்களிலேயே எனக்குப் பிடிக்காதவன் நீதான் என்று சொல்லிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுகிறார். அத்திப் பால் விட்டால் பால் எவ்வளவு சீக்கிரம் திரளுமோ, அவ்வளவு சீக்கிரம் புண் மூடியது என்கிறார் ஹோமர். பிறகு குளிப்பாட்டி, நல்ல துணி உடுத்தி, அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்காரவைக்கிறார்கள். போர்த் தெய்வம்! வயிற்றில் ஈட்டி பாய்ந்த அன்றே குளித்து முடித்து ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

கிரேக்கத் தொன்மங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மில் பலர் முதலில் கேட்பது, "ஏன் இவர்களுடைய தெய்வங்கள் இப்படிச் சின்னப்பிள்ளைத்தனமாக நடந்துகொள்கின்றன?" என்றுதான். இது புதிய கேள்வியும் அல்ல. கி.மு. 6-ஆம் நூற்றாண்டிலேயே சினோஃபனீஸ் என்ற சிந்தனையாளர், ஹோமரும் ஹீசியடும் திருட்டையும் கள்ள உறவையும் தெய்வங்களின் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கோபப்பட்டார். பிளேட்டோவோ, தன் இலட்சிய நாட்டில் இந்தக் கதைகளைக் கத்தரிக்க வேண்டும் என்றே எழுதினார்.

எனக்கு இரண்டு பேருடைய கோபமும் புரிகிறது. ஆனால் ஹோமர் தெரியாமல் செய்தார் என்று நம்ப முடியவில்லை. சாகவே முடியாத ஒருவர் போர்க்களத்தில் நின்றால் அது வேடிக்கையாகத்தான் இருக்கும். இருபத்தொன்றாம் பாகத்தில் தெய்வங்கள் அணி பிரிந்து அடித்துக்கொள்கிறார்கள். ஹீரா, ஆர்ட்டெமிஸின் இரண்டு மணிக்கட்டுகளையும் ஒரே கையால் பிடித்துக்கொண்டு, அவளுடைய வில்லைப் பிடுங்கி அதாலேயே காதோரம் சாத்துகிறாள், அதுவும் சிரித்துக்கொண்டே. அம்புகள் சிதறுகின்றன. ஆர்ட்டெமிஸ் அழுதுகொண்டே அப்பாவிடம் ஓட, அவளுடைய அம்மா லீட்டோ குனிந்து ஒவ்வொரு அம்பாகப் பொறுக்குகிறாள். அதே பாகத்தில், கொஞ்சம் முன்னால்தான், கிரேக்க வீரன் அக்கிலீஸ் ஆற்றோரத்தில் ஆட்களை வெட்டித் தள்ளியதில் பிணங்கள் அடைத்து ஆறே ஓட வழியில்லாமல் தவித்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் விவரம் புரியாதவராக இருக்க முடியுமா?

சரி, சார்ப்பிடானுக்கு வருகிறேன். இந்தப் பதிவு எழுத உட்கார்ந்ததே அவனுக்காகத்தான்.

சார்ப்பிடான் ஜீயஸின் மகன். அம்மா மனிதப் பெண். லிசியா நாட்டு மன்னன். லிசியா என்பது இன்றைய துருக்கியின் தென்மேற்கு மூலை. அங்கிருந்து டிராய்க்குத் துணையாகச் சண்டை போட வந்தவன். இலியட்டைத் திரைப்படமாகவும் தொடராகவும் எடுப்பவர்கள் பொதுவாக முதலில் வெட்டிவிடும் பாத்திரமும் இவன்தான். அக்கிலீஸ் உண்டு, ஹெக்டர் உண்டு, ஹெலன் உண்டு, இவனுக்கு எங்கே இடம்?

பன்னிரண்டாம் பாகத்தில், கிரேக்கர்களின் மதிலைத் தாக்கும் முன், அவன் தன் தோழன் கிளாக்கஸிடம் பேசுகிறான். ஊரில் நமக்கு ஏன் முதல் ஆசனம் தருகிறார்கள்? ஏன் நல்ல கறியும் நிறைந்த கோப்பையும் நமக்கு வருகின்றன? சாந்தஸ் ஆற்றங்கரையில் பழத்தோட்டமும் கோதுமை வயலுமாக நிலம் விட்டிருக்கிறார்களே, எதற்கு? அதையெல்லாம் வாங்கிக்கொண்டோம், ஆகவே இப்போது முன்வரிசையில் நிற்க வேண்டும். இதுவரை எந்தத் தளபதியும் பேசக்கூடியதுதான். அடுத்து அவன் சொல்வதுதான் விஷயம். இந்தப் போரில் தப்பித்தால் நீயும் நானும் முதுமையும் சாவும் இல்லாமல் என்றென்றும் இருப்போம் என்றால், நான் முன்னால் போக மாட்டேன், உன்னையும் போகச் சொல்ல மாட்டேன். ஆனால் சாவு எப்படியும் ஆயிரம் வழியில் காத்திருக்கிறது. அப்படியானால் வா, போவோம்.

இதைச் சொல்பவன் ஜீயஸின் மகன் என்பதை மறந்துவிடாதீர்கள். அப்பா சாகாதவர். தானும் அப்படி இருந்தால் சண்டைக்கே வர மாட்டேன் என்கிறான். அவன் சொன்னதை ஏரிஸின் வயிற்றுப் புண்ணோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். கிரேக்க தெய்வங்களிடம் பலம் உண்டு, அழகு உண்டு, கோபம் உண்டு. துணிச்சல் மட்டும் அவர்களால் முடியாத காரியம். இழப்பதற்கு ஏதாவது இருந்தால்தானே துணிய முடியும்?

பதினாறாம் பாகத்தில் சார்ப்பிடானுக்கு முடிவு வருகிறது. எதிரில் அக்கிலீஸின் நண்பன் பட்ரோக்ளஸ். மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஜீயஸுக்கு மனசு கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போய் லிசியாவில் உயிரோடு இறக்கிவிடட்டுமா என்று மனைவியிடம் கேட்கிறார். ஹீராவின் பதில் கறாரானது. செய்யுங்கள், ஆனால் நாங்கள் யாரும் மெச்ச மாட்டோம். டிராய் மதிலைச் சுற்றித் தெய்வங்களின் பிள்ளைகள் நிறையப் பேர் சண்டை போடுகிறார்கள், நீங்கள் உங்கள் பிள்ளையைக் காப்பாற்றினால் நாளைக்கு எல்லோரும் தத்தம் பிள்ளையைக் காப்பாற்றக் கிளம்புவார்கள். மாற்றாந்தாய் வாயிலிருந்து வந்தாலும் நியாயம் நியாயம்தான். ஒரு வழியும் சொல்கிறாள். சாகட்டும், பிறகு உறக்கத்தையும் மரணத்தையும் அனுப்பி உடலை ஊருக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள், அங்கே உற்றார் உறவினர் மண் குவித்துக் கல் நட்டு அடக்கம் செய்யட்டும்.

ஜீயஸ் ஒப்புக்கொள்கிறார். மண்ணில் இரத்தத் துளிகள் மழையாக விழுகின்றன. இடி, மின்னல், மேகம் எல்லாம் கைவசம் உள்ள தெய்வம், பெற்ற பிள்ளைக்காகச் செய்ய முடிந்தது அந்த ஒரு மழைதான். இலியட்டில் ஜீயஸை எனக்குப் பிடித்துப்போகும் ஒரே இடமும் இதுதான்.

அந்த உடலைத் தூக்கும் காட்சியைக் கி.மு. 515 வாக்கில் ஏதென்ஸில் யூஃப்ரோனியோஸ் என்ற ஓவியர் ஒரு பெரிய மண்கலத்தில் வரைந்தார். திராட்சை மதுவில் தண்ணீர் கலக்கும் பாத்திரம் அது. விருந்துக்கூடத்தின் நடுவில் வைப்பார்கள். உயரம் சுமார் 46 சென்டிமீட்டர். கறுப்புப் பின்னணியில் சார்ப்பிடானின் உடல் நடுப்பகுதி முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. மற்ற உருவங்களெல்லாம் அவனைவிடச் சிறியவை. காயங்களிலிருந்து இரத்தம் வரிவரியாக இறங்குகிறது. இரண்டு பக்கமும் சிறகு முளைத்த இரண்டு வீரர்கள் குனிந்து அவனைத் தூக்குகிறார்கள். இடப்பக்கம் உறக்கம், வலப்பக்கம் மரணம். யார் யாரென்று பெயரும் எழுதியிருக்கிறார். பின்னால் நடுவில் ஹெர்மீஸ் நிற்கிறார். ஹோமரின் வரிகளில் இந்த இடத்தில் ஹெர்மீஸ் கிடையாது, ஓவியர் தாமாகச் சேர்த்தது. குடித்துக் கும்மாளமிடும் இடத்தில் எதற்கு இப்படி ஒரு படம் என்று தோன்றலாம். கலத்தின் மறுபக்கம் சாதாரண இளைஞர்கள் சிலர் போருக்குப் போக கவசம் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் பார்த்தவர் சுற்றி வந்து மறுபக்கமும் பார்த்திருப்பார்.

அந்தக் கலத்தின் பிற்காலக் கதை தனி நாவல். 1971-ல் இத்தாலியில் செர்வெத்தெரி பக்கம் ஒரு பழைய எட்ரஸ்கன் கல்லறையிலிருந்து திருடர்கள் தோண்டி எடுத்தார்கள். அடுத்த ஆண்டு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பத்து லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. இத்தாலி விடாமல் கேட்டுக்கேட்டு 2008-ல் திரும்பப் பெற்றது. இப்போது செர்வெத்தெரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சார்ப்பிடானின் உடலை அவன் ஊருக்குச் சேர்க்க ஹோமரில் உறக்கமும் மரணமும் போதும். கலம் வீடு திரும்ப 36 ஆண்டுகளும் ஒரு படை வழக்கறிஞர்களும் தேவைப்பட்டார்கள்.

ஹீரா சொன்ன அந்தக் கல்லறை வெறும் கதையாக முடியவில்லை என்பதுதான் இதில் சுவாரசியம். லிசியாவின் சாந்தஸ் நகரத்தில் சார்ப்பிடானுக்குக் கோயில் இருந்தது. கி.மு. 42-ல் ரோமானியத் தளபதி புரூட்டஸ், சீசரைக் குத்தினாரே அவரேதான், அந்த நகரத்தை முற்றுகையிட்டபோது நடந்த சண்டையை எழுதும் வரலாற்றாசிரியர் அப்பியன் அந்தக் கோயிலைக் குறிப்பிடுகிறார். ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் சார்ப்பிடானுக்கு ஊரில் இடம் இருந்திருக்கிறது.

இங்கேதான் கிரேக்க வீரர்களைப் பற்றி நாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படிக்காத பாதி தொடங்குகிறது. அவர்களுக்கு வீரர்கள் கதாபாத்திரங்கள் மட்டும் அல்ல. செத்துப்போன, ஆனால் செத்த இடத்தில் சும்மா இருக்காத ஆட்கள். தெய்வங்கள் ஒலிம்பஸில் இருந்தார்கள், எல்லோருக்கும் பொது. வீரனோ உங்கள் ஊர்ச் சந்தைக்கு நடுவில், உங்கள் மதில் வாசலுக்குப் பக்கத்தில் புதைந்து கிடந்தான். பலி கொடுத்தால் காப்பான், மறந்தால் வயலைக் காயவைப்பான். வீரர்களுக்குக் குழியில் இரத்தம் ஊற்றுவார்கள், தெய்வங்களுக்குத்தான் உயரமான பலிபீடம் என்று பழைய பாடநூல்கள் கோடு கிழித்தாற்போலப் பிரித்து எழுதின. கல்வெட்டுகளையும் எலும்புகளையும் ஆராய்ந்த பிற்கால ஆய்வாளர்கள் அந்தக் கோடு அவ்வளவு நேராக இல்லை என்கிறார்கள். பெரும்பாலான வீரர்களுக்கும் தெய்வங்களுக்குப்போலவே ஆடு வெட்டி, வறுத்து, ஊரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது.

இப்படிப் பலி வாங்கும் வீரன் நல்லவனாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கிளியோமிடீஸ் கதையைக் கேளுங்கள். அஸ்டிபலையா தீவைச் சேர்ந்த குத்துச்சண்டைக்காரர். கி.மு. 492 ஒலிம்பிக்கில் எதிராளியைக் கொன்றுவிட்டார். முறைகேடு என்று நடுவர்கள் வெற்றியைப் பறித்துவிட, துக்கத்தில் புத்தி பேதலித்து ஊர் திரும்பினார். திரும்பியவர் நேராக ஒரு பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து கூரையைத் தாங்கிய தூணைப் பிடுங்கினார். உள்ளே ஏறக்குறைய அறுபது குழந்தைகள். கூரை அவர்கள்மேல் விழுந்தது. ஊர் கல்லெடுத்து விரட்ட, அவர் அதீனா கோயிலுக்குள் ஓடி ஒரு பெட்டிக்குள் படுத்து மூடியை உள்ளிருந்தே இழுத்துப் பிடித்துக்கொண்டார். பெட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஆளில்லை. உயிரோடும் இல்லை, பிணமாகவும் இல்லை. டெல்ஃபி ஆலயத்தில் குறி கேட்டார்கள். வந்த பதில், வீரர்களில் கடைசியானவர் அவர், இனி மனிதர் அல்ல, பலி கொடுத்து மரியாதை செய்யுங்கள். ஊரும் செய்தது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரும் அந்தப் பலிக்கு வந்திருப்பார்களா? பயண நூல் எழுதிய பௌசானியஸ் இந்தக் கதையை எழுதும்போது அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

தாசோஸ் தீவின் தியாஜெனீஸ் கதை இதைவிட விசித்திரம். கி.மு. 480-ல் குத்துச்சண்டையிலும் 476-ல் பங்கிராடியன் என்ற மல்யுத்தமும் குத்துச்சண்டையும் கலந்த போட்டியிலும் ஒலிம்பிக் வென்றவர். அவர் செத்த பிறகு, உயிரோடிருக்கும்போது அவரிடம் பகைமை வைத்திருந்த ஒருவன் ராத்திரி ராத்திரி வந்து அவருடைய வெண்கலச் சிலையைச் சாட்டையால் அடித்தான். ஒரு நாள் சிலை அவன்மேல் சாய்ந்து ஆள் காலி. அவனுடைய மகன்கள் சிலைமேல் கொலை வழக்குப் போட்டார்கள். தீர்ப்பும் வந்தது, சிலையைக் கடலில் தள்ளினார்கள். பிறகு நிலம் விளையவில்லை. டெல்ஃபிக்குப் போனால், நாடு கடத்தியவர்களை எல்லாம் திரும்பக் கூப்பிடுங்கள் என்று பதில். கூப்பிட்டார்கள். அப்போதும் விளையவில்லை. மறுபடி போனால், தியாஜெனீஸை மறந்துவிட்டீர்களே என்றது குறி. நல்லவேளை, மீனவர் வலையில் சிலை தானாக வந்து மாட்டியது.

கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் தாசோஸ் சந்தைத் திடலில் அகழ்வாராய்ச்சி செய்தவர்களுக்கு அவருக்காக வைத்திருந்த பளிங்கு உண்டியல் கிடைத்தது. மேலே காசு போடத் துளை. பலி கொடுக்க வருகிறவர்கள் குறைந்தது ஒரு ஓபோல் போட வேண்டும் என்று அதில் செதுக்கியிருக்கிறது. ஓபோல் சில்லறைக் காசு, அவ்வளவு பெரிய தொகை அல்ல. ஆயிரம் திராக்மா சேர்ந்ததும் அதை என்ன செய்வது என்று சபை முடிவு செய்யும் என்றும் எழுதியிருக்கிறது. கதையைச் சொல்லி முடித்த ஊர் கணக்குப் பார்க்க உட்கார்ந்த அந்த வரியைத்தான் நான் மிகவும் நம்புகிறேன்.

சிக்கியோன் நகரத்தை கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட கிளைஸ்தனீஸ் செய்த வேலையையும் சொல்லாமல் விட மனசில்லை. பக்கத்து ஆர்காஸ் நகரத்தோடு அவருக்குப் பகை. ஆனால் சிக்கியோன் சந்தையின் நடுவிலேயே அட்ராஸ்டஸ் என்ற ஆர்காஸ் வீரனுக்குக் கோயில். அவனை ஊரைவிட்டுத் துரத்தலாமா என்று டெல்ஃபியில் கேட்டார். அவன் சிக்கியோனின் அரசன், நீ வெறும் கல்லெறிகிறவன் என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். மனுஷன் சளைக்கவில்லை. அட்ராஸ்டஸின் சகோதரனையும் மருமகனையும் கொன்ற மெலனிப்பஸ் என்ற தீப்ஸ் வீரனை அங்கிருந்து கேட்டு வாங்கி வந்து, தன் ஊரில் இடம் கொடுத்துக் குடிவைத்தார். அட்ராஸ்டஸுக்கு நடந்த பலிகளையும் விழாக்களையும் எடுத்து மெலனிப்பஸுக்குக் கொடுத்தார். பரம எதிரி குடிவந்தால் அட்ராஸ்டஸ் தானாகவே வெளியேறிவிடுவான் என்பது கணக்கு. வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் இதைச் சிரிக்காமல் எழுதுகிறார். ஜீயஸையோ அப்பல்லோவையோ இப்படிக் காலி செய்ய வைக்கலாம் என்று எந்த மன்னரும் நினைத்திருக்க மாட்டார். வீரனிடம்தான் செல்லும், அவன் செத்தவன், அவனுக்குப் பழைய பகை நினைவிருக்கும்.

இந்த ஊர்ச் சண்டைகளில் எல்லாம் சிக்காத ஒரு வீரன் உண்டு. சார்ப்பிடானுக்குக் கிடைக்காதது கிடைத்த பிள்ளை, ஹெராக்ளீஸ். ஜீயஸுக்கும் அல்க்மீனி என்ற மனிதப் பெண்ணுக்கும் பிறந்தவன். சிங்கத்தைக் கொன்றான், தொழுவம் கழுவினான், நரகத்து நாயை இழுத்து வந்தான், அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பைத்தியம் பிடித்துத் தன் பிள்ளைகளையே கொன்றவன் என்பதும் தெரிந்திருக்கலாம். அவனும் கிளியோமிடீஸ் வகைதான், அளவுதான் பெரிது.

அவன் விஷயத்தில் கிரேக்கர்களே ஒரு முடிவுக்கு வரவில்லை. இலியட்டில் அக்கிலீஸ், ஜீயஸுக்கு அவ்வளவு பிரியமான ஹெராக்ளீஸே சாவிலிருந்து தப்பவில்லையே என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான். ஒடிஸியில் ஒடிசியஸ் இறந்தவர்களின் உலகத்தில் ஹெராக்ளீஸைப் பார்க்கிறான், ஆனால் அது நிழல் மட்டும்தான், ஆள் மேலே தெய்வங்களோடு விருந்தில் இருக்கிறான் என்று உடனே ஒரு ஒட்டு. அந்த வரிகள் பிறகு செருகியவை என்று பழங்கால அறிஞர்களே சந்தேகப்பட்டார்கள். ஹெரடோட்டஸ் காலத்தில் சிலர் அவனுக்கு இரண்டு கோயில் வைத்திருந்தார்கள், ஒன்றில் சாகாத தெய்வமாக, மற்றொன்றில் செத்த வீரனாக. அப்படிச் செய்வதுதான் சரி என்கிறார் ஹெரடோட்டஸ்.

பெரும்பாலோர் நம்பிய முடிவு இது. மனைவி தெரியாமல் கொடுத்த விஷம் தோய்ந்த ஆடை உடலில் ஒட்டிச் சதையைத் தின்ன, வலி தாங்காமல் ஈட்டா மலையில் சிதை அடுக்கச் சொல்லித் தானே ஏறிப் படுத்தான். நெருப்பு வைக்க யாரும் முன்வரவில்லை. ஃபிலாக்டீட்டீஸ் வைத்தான், அதற்குக் கூலியாக ஹெராக்ளீஸின் வில் அவனுக்குக் கிடைத்தது. ஈட்டா மலையில் அகழ்ந்தபோது சாம்பல் அடுக்கும் விலங்கு எலும்புகளும் ஹெராக்ளீஸின் சின்னச் சின்ன வெண்கல உருவங்களும் கிடைத்தன. மக்கள் அங்கே ஏறிப் போய்த் தீ மூட்டியிருக்கிறார்கள். கதைப்படி, சிதையில் ஹெராக்ளீஸின் மனிதப் பகுதி எரிந்துபோய், மிச்சம் ஒலிம்பஸுக்குப் போனது. ஹீரா சமாதானமாகித் தன் மகள் ஹீபியையே கட்டிக்கொடுத்தாள்.

இதே வரத்தை வேண்டாம் என்றவனும் உண்டு. கலிப்ஸோ என்ற தேவமங்கை தன் தீவில் ஒடிசியஸை ஏழு ஆண்டுகள் வைத்திருந்து, இங்கேயே இரு, சாவும் மூப்பும் இல்லாமல் செய்கிறேன் என்கிறாள். உன் அழகுக்கு என் மனைவி ஈடாக மாட்டாள், அவள் சாகப் பிறந்தவள், ஆனாலும் எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறான் அவன். மறுநாள் கோடரியை வாங்கி இருபது மரங்களை வெட்டிச் சாய்த்து, நாலு நாளில் தெப்பம் கட்டிவிடுகிறான். ஒடிஸியின் மீதிப் பாகங்கள் அனைத்தும் அந்தத் தெப்பம் கரையை விட்டுக் கிளம்பியதால் கிடைத்தவை.

ஹெராக்ளீஸுக்கு ஒலிம்பஸில் என்ன நடந்தது? கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் இல்லை. பூமியில் ஆயிரம் கதை உள்ளவனுக்கு மேலே போனபின் சொல்லிக்கொள்ள ஒன்றிரண்டு தேறினால் அதிகம். கி.மு. 409-ல் சோஃபக்ளீஸ் எழுதிய ஃபிலாக்டீட்டீஸ் நாடகத்தின் கடைசியில் அவன் ஒரு முறை வருகிறான். பாம்பு கடித்த காலோடு பத்து ஆண்டுகளாகத் தனித் தீவில் சீழும் நாற்றமுமாகக் கிடக்கும் ஃபிலாக்டீட்டீஸ், தன்னைக் கைவிட்ட கிரேக்கர்களுக்காக டிராய்க்கு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். அன்று சிதைக்கு நெருப்பு வைத்த அதே ஆள்தான். ஹெராக்ளீஸ் மேலே தோன்றி, போ, உன் கால் குணமாகும், டிராய் விழும் என்கிறான். பன்னிரண்டு வேலைகளையும் தன் கையாலேயே செய்தவன் இப்போது இன்னொருவனைப் போருக்கு அனுப்பிவைக்கிறான். ஃபிலாக்டீட்டீஸ் வில்லை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கிளம்புகிறான்.